அடித்தட்டு

மலைச்சாலையைப் பனிச்சரிவு மூடி ஐந்தாம் நாள்.
கடையில் மிச்சம் இருந்தவை
நாய் பிஸ்கட், மெழுகுவர்த்தி,
என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாத தேங்காய்ப்பால் ஒரு டின்.
ஐஸ்லாந்தின் இந்த வடமேற்கு மூலையில்
லாரி வராவிட்டால் தக்காளி என்பது வெறும் வதந்தி.

"வா, கீழே போய்ப் பார்ப்போம்" என்றேன் பிர்கிரிடம்.
பதினான்கு வயது. காதில் ஹெட்ஃபோன்,
உதட்டின் மேல் மீசைக்கான முன்னறிவிப்பு.

நிலவறையில் நிற்கிறது ஃப்ரீசர்,
ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.
கல்யாணமான புதிதில் தவணையில் வாங்கியது.
தவணை தீர்ந்து எத்தனையோ வருடம்.
உள்ளே இருப்பது மட்டும் தீர்ந்ததே இல்லை.

மூடியைத் தூக்கியதும் வெண்புகை முகத்தில் அடித்தது.
மேலே பட்டாணி. பட்டாணிக்குக் கீழே பட்டாணி.
வீட்டில் யாருக்கும் பட்டாணி பிடிக்காது.
அதற்கும் கீழே ஆட்டுச் சிறுநீரகங்கள்,
பையின் மேல் என் கையெழுத்தில் "இலையுதிர் காலம்".
எந்த வருடத்து இலையுதிர் காலம்?
இந்த ஊரில் மரமே ஏழுதான்.

காட் மீனின் கன்னங்கள் ஒரு பை நிறைய;
டென்மார்க்குக்குக் குடிபோன ஹில்டிகுன்னுர்
தோட்டத்தைக் காலி செய்தபோது தந்த ரூபார்ப் தண்டுகள்,
நாங்கள் சண்டை போட்டதற்கு முந்தின வாரம்;
பெயரில்லாத சாம்பல்நிறக் கட்டி ஒன்று,
செங்கல் கனம்.

மாடியில் குடியிருக்கும் ஸ்பிஷெக் இறங்கி வந்தார்.
போலந்துக்காரர், மீன் தொழிற்சாலையில் கத்தி தீட்டுகிறவர்.
கையில் உலர்ந்த காளான் ஒரு சரம், கால் பை பார்லி.
டப்பாவில் அச்சடித்த தேதியை அவர் பார்ப்பதே இல்லை.
மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார்,
நீதிபதி போல நேரம் எடுத்துக்கொள்வார்.
மாவுப் பையில் ஊர்ந்ததைப் பார்த்து
"இது சாப்பிடுகிறதே, அப்போது நல்ல மாவு" என்றார்.

சமைத்தோம்.
கன்னங்களை வெண்ணெயில் புரட்டினோம்.
சிறுநீரகமும் பார்லியும் காளானும்
ஒரே சட்டியில் விழுந்து எப்படியோ ராசியாகிவிட்டன.
ரூபார்ப்பைக் கிளறுகையில் புளிப்பு மூக்கில் ஏற
ஹில்டிகுன்னுருக்கு ஒரு செய்தி எழுதினேன், அனுப்பவில்லை.
மறுநாள் பட்டாணி வேகும்போது அனுப்பினேன்.
சாம்பல்நிறக் கட்டி உருகி மீனாயிற்று.
மாவில் தோய்த்துப் பொரித்தோம்,
மூவரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

இரவு தோர்கில்ஸ் படகிலிருந்து பேசினான்,
காற்று அடங்கட்டும் என்று கடலிலேயே நிற்கிறார்களாம்.
தின்றதையெல்லாம் ஒப்பித்தேன். சாம்பல் கட்டி என்றதும்
மறுமுனையில் கொஞ்சம் மௌனம்.
"அது தூண்டில் இரை" என்றான்.
"போன வருடத்ததா?" என்றேன்.
இன்னும் கொஞ்சம் மௌனம்.

ஒன்பதாம் நாள் அடித்தட்டைத் தோசைத்திருப்பி போலொரு தகட்டால் சுரண்டினேன்.
பனிக்குள் பனியாக ஒட்டிக்கிடந்தது
பழைய ரொட்டிப் பை. உள்ளே ஒரு பனியுருண்டை.
பைமேல், இரண்டு எழுத்து கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் திரும்பியிருக்க,
"பிர்கிருடையது. தின்னக்கூடாது."

ஜன்னலுக்கு வெளியே கூரை உயரத்துக்குப் பனி.
வேலி இல்லை, சாலை இல்லை, கார் எங்கே என்று தெரியவில்லை.
நாங்கள் எட்டு வருடம் மின்கட்டணம் கட்டி
ஒரு பிடி பனியைக் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

"தூக்கிப் போடு" என்றான், ஹெட்ஃபோனைக் கழற்றாமல்.
ஸ்பிஷெக் மூக்கை வைத்துப் பார்த்தார்.
"கெடவில்லை" என்றார்.
ஜன்னல் விளிம்பில் வெளியே வைத்துவிட்டு
ஃப்ரீசரைக் கழுவித் துடைத்தேன்.

அன்று மாலை பனி தள்ளும் வண்டியின் உறுமல்.
மறுநாள் லாரி, தக்காளி, கடையில் ஊரே.
நான் இரண்டு பை பட்டாணி வாங்கினேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.
உள்ளே வைக்கப் போனால், காலியான அடித்தட்டில்
தனியாக உட்கார்ந்திருந்தது அந்த உருண்டை,
புதுப் பையில், எழுத்தெல்லாம் நேராக,
இந்த வீட்டின் சரித்திரத்திலேயே முதன்முறையாக
தேதி போட்டு.